ஓவியா படிக்க மறுத்த மொழி

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய டைல்ஸ் கடையின் மேல்மாடியில் வாடிக்கையாளர்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறிய கம்பெனி இருந்தது. அங்கே சேர்ந்த புதிதில் மெட்டில்டா ஒரு புரோகிராம் எழுதினாள். வாடிக்கையாளர்களின் சர்வர் பாஸ்வேர்டுகளையெல்லாம் அது பூட்டி வைத்துக்கொள்ளும். படமோ பட்டனோ கிடையாது. கறுப்புத் திரையில் சர்வரின் பெயரைத் தட்டினால் பாஸ்வேர்டு வரும். அப்போது அவளுக்குக் கைவந்த பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருந்தாள். பின்னால் வந்தவர்கள் யாரும் பெர்ல் படித்ததில்லை. ஆகவே எது பழுதானாலும் மெட்டில்டாவுக்குத்தான் போன். ஈஸ்டர் ஆராதனைக்கு நடுவே சர்ச் வாசலுக்கு வந்து பதில் சொல்லியிருக்கிறாள். பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோதும் சொன்னாள்.

சிறுசேரியில் நல்ல வேலை கிடைத்து ராஜினாமா கொடுத்தபோது முதலாளி ஷ்யாம்சுந்தர் கோபப்படவில்லை. காபி வரவழைத்தார். புது சர்வர்களில் பழைய புரோகிராம் மக்கர் பண்ணுகிறது, வேறு மொழியில் திரும்ப எழுதி யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போங்கள், அதுவரை வேலையிலிருந்து விடுவித்ததாக ரிலீவிங் லெட்டர் தருவதற்கில்லை என்றார். மொழியை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றும் பெருந்தன்மையாகச் சொன்னார். அந்த லெட்டர் இல்லாமல் சிறுசேரியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அவள் மனம் ரஸ்ட் மொழியிடம் இருந்தது. ஆசைப்பட்டுத் தானாகவே கற்றுக்கொண்டது. தப்பாக எழுதினால் அது ஓடவே விடாது. பாஸ்வேர்டு வந்துபோன தடத்தைக் கம்ப்யூட்டரின் நினைவிலிருந்து சுத்தமாகத் துடைக்கவும் தோதானது. ஆனால் ஆபீஸில் வேறு யாருக்கும் அது தெரியாது. பைத்தான் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வாடிக்கையாளர் இடத்தில் மெஷினுக்கு மெஷின் வேறு வேறு பைத்தான் இருக்கும், தினம் ஒரு தகராறு வரும். கடைசியில் கோ மொழி என்று முடிவு செய்தாள். சீக்கிரம் படித்துவிடலாம், ஒரே ஃபைலைக் கொண்டுபோய் வைத்தால் போதும். பக்கத்து இருக்கை ஓவியா கெட்டிக்காரி. அவளிடம் ஒப்படைத்துவிட்டால் கதவு திறந்துவிடும்.

ஓவியா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் அனுப்பிய பாடங்களில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. மதியச் சாப்பாட்டின்போது மெட்டில்டா கேட்டே விட்டாள்.

"படிக்க முடியாம இல்லக்கா," என்றாள் ஓவியா, தட்டைப் பார்த்தபடியே. "ஆனா எனக்கு இது தெரியும்னு சாருக்குத் தெரிஞ்சிட்டா, அப்புறம் என்னை வெளிய விடுவாரா? உங்களப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

மெட்டில்டாவுக்கு முகமெல்லாம் சூடேறியது. சாப்பிடாமல் டிபன் பாக்ஸை மூடினாள். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஓவியா படித்துத்தான் தீரவேண்டும். அதைச் சொல்லத்தான் எழுந்து அவர் அறைக்குப் போனாள்.

மொழி முடிவாகிவிட்டதா என்று கேட்டார் அவர். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே ஓவியா அப்படியே உட்கார்ந்திருந்தாள், சோற்றில் கை வைக்காமல்.

"ரஸ்ட், சார்."

"அது யாருக்குத் தெரியும் நம்ம ஆபீஸ்ல?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப கவலையில்ல," என்று சிரித்தார். நீங்கள் எங்கே போய்விடப் போகிறீர்கள் என்று அவர் சொல்லவில்லை. சொன்னது போலத்தான் இருந்தது அவளுக்கு. ஒப்படைக்க ஆளில்லை என்றால் லெட்டரும் இல்லை.

அன்று சாயங்காலம் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே சிறுசேரிக்குப் போன் செய்து வரமுடியாது என்றாள். காரணம் கேட்டார்கள். வீட்டுச் சூழ்நிலை என்று பொய் சொன்னாள். கணவன் தயாளனிடம் உண்மையைச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்காக நீ மாட்டிக்கொண்டாயா என்று கேட்டான். அவளுக்காக இல்லை என்றாள்.

அடுத்த வாரம் எழுதத் தொடங்கினாள். முதல் நாள் ரஸ்ட் அவள் எழுதியதை ஒவ்வொரு முறையும் ஓட விடாமல் திருப்பி அனுப்பியது. ஏன் என்றும் சொன்னது. அவள் பொறுமையாகத் திருத்தினாள். எப்போது மணி ஆறாயிற்று என்றே தெரியவில்லை.