இந்தியாவுக்குப் போன பீப்பாய்

இலங்கையின் கற்பிட்டிப் பக்கம், மாம்புரிக் கடற்கரையில், கபானா எனப்படும் ஓலைக் குடில்கள் ஆறு கொண்ட சிறிய விடுதி ஒன்றுக்கு மர்ஸூக் மேலாளராக இருந்தார். ஐம்பத்திரண்டு வயது. மன்னாரில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு போரில் மற்ற முஸ்லிம்களோடு ஊரோடு ஊராக வெளியேற்றப்பட்டு, வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர். இடையில் எட்டு வருடம் கட்டாரில் ஹோட்டல் வேலை பார்த்து ஆங்கிலம் பழகிக்கொண்டவர். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. அப்படிப்பட்ட மனிதரின் தலையில், 2017 ஜனவரியில், ஒரு பீப்பாய் பியரை லண்டனிலிருந்து மதராஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு விழுந்தது.

பீப்பாய்க்குச் சொந்தக்காரர் ஓவன் என்ற ஆங்கிலேயர். ஓய்வுபெற்ற தபால்காரர். வீட்டுக் கராஜில் சிறிய அளவில் ஏல் என்ற பியர் வகையைக் காய்ச்சுவதுதான் அவருக்கு உயிர். நாற்பது லீட்டர் பிடிக்கும் மரப் பீப்பாய் ஒன்றை, எட்டு மாதம் அலைந்து எடுத்த அனுமதிப் பத்திரங்களோடு விமானத்தில் கொண்டுவந்திருந்தார்.

முதல் நாள் பின்னேரம் விறாந்தையில் உட்கார்ந்து அவர் மர்ஸூக்குக்கு விஷயத்தை விளக்கினார். இருநூறு வருடத்துக்கு முன்னர் இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு லண்டனிலிருந்துதான் பியர் வரவேண்டும். சூயஸ் கால்வாய் இல்லாத காலம். கப்பல் ஆபிரிக்காவைச் சுற்றி வர நாலு மாதம், ஆறு மாதம். வழியில் பழுதாகாமலிருக்க ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவை அதிகம் போட்டார்கள். கப்பலின் அடித்தட்டில் வெக்கையிலும் ஆட்டத்திலும் கிடந்து வந்த அந்த பியர், இறங்கும்போது புறப்பட்டதைவிட நன்றாக இருந்ததாம். இந்தியா பேல் ஏல் என்று பெயர் பெற்றது அதுதான்.

“இதை விமானம் பதினொரு மணித்தியாலத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டது” என்று ஓவன் பீப்பாயைத் தடவினார். “பாவம், இது பயணமே போகவில்லை.”

ஆகவே அது போகவேண்டும். தினமும் காலையில் வள்ளத்தில் ஏற்றி, கடலில் ஆறு மணித்தியாலம் ஆட்டி, திரும்பக் கொண்டுவரவேண்டும். நூற்றிநாலு நாள். பழைய கப்பலொன்றின் பயணப் பாதையை ஓவன் வரைபடத்தில் குறித்து வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் பீப்பாய் எந்தக் கடலில் இருக்கிறது என்று ஊசி குத்தி, நாட்குறிப்பும் எழுதவேண்டும். அவர் இரண்டு வாரத்தில் திரும்பிவிடுவார். எழுதுவது மர்ஸூக்கின் வேலை.

வள்ளத்துக்கு பஸ்தியான் அமர்த்தப்பட்டார். அதே கரையில் மீன்பிடிக்கிற கத்தோலிக்கர். ஞாயிறு பூசைக்குப் பிறகு கால்போத்தல் சாராயம் அடிப்பவர்.

“கையில பியர வச்சிக்கிட்டு நூத்திநாலு நாள் பாத்துக்கிட்டு இரிக்கணுமா, நானா?” என்று அவர் மர்ஸூக்கைக் கேட்டார். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்பதுதான் அந்தக் கரை வழக்கம்.

“ஓம். தொடவும் ஏலாது, திறக்கவும் ஏலாது.”

“இது எந்தப் பாவத்துக்கு?”

வீட்டிலும் கேள்வி வந்தது. மர்ஸூக்கின் மனைவி ரபியா சோற்றுக் கோப்பையை நடுவழியில் நிறுத்திவிட்டாள். “ஹராமான சாமானுக்கா டயரி எழுதுறீங்க?”

“சாமானுக்கு இல்ல புள்ள, கப்பலுக்கு.”

“எந்தக் கப்பலுக்கு?”

பீப்பாயைத் தூக்குவதில்லை, தொடுவதில்லை, எழுதுவது மட்டும்தான் என்று மர்ஸூக் சத்தியம் செய்தபிறகே கறி வந்தது.

ஓவன் நாடு திரும்பினார். பயணம் தொடங்கியது. காலையில் பஸ்தியான் கடவுள் மேல் பாரத்தைப் போட்டு, பீப்பாய்க்கு லைஃப் ஜாக்கெட் கட்டி ஏற்றுவார். மத்தியானம் திரும்பி வந்து, “நாங்க இண்டைக்கு எங்க?” என்று கேட்பார். மர்ஸூக் ஊசியைப் பார்த்து, “மதேராத் தீவு தாண்டிட்டீங்க” என்பார். பஸ்தியான் திருப்தியோடு வலை காயப்போடப் போவார்.

முப்பத்தோராம் நாள் கடற்படைப் படகொன்று மறித்தது. விசாரணை சிங்களத்தில் நடந்தது. பஸ்தியானுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. பிரச்சினை மொழியில் இல்லை.

“பீப்பாய்க்குள் என்ன?” என்றார் அதிகாரி.

“பியர், சேர்.”

“எங்கே போகிறது?”

பஸ்தியான் பொய் சொல்லிப் பழகாதவர். “இந்தியாவுக்கு, சேர்.”

வள்ளம் கரைக்கு இழுத்து வரப்பட்டது. மர்ஸூக் வரைபடத்தையும் நாட்குறிப்பையும் அனுமதிப் பத்திரங்களையும் தூக்கிக்கொண்டு ஓடினார். வெய்யிலில் நின்றபடி, லண்டன் பியர் வியாபாரத்தின் வரலாற்றை ஒன்றேகால் மணித்தியாலம் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி இடையில் தொப்பியைக் கழற்றினார். பிறகு கதிரை கேட்டார்.

“அப்படியென்றால் இது இப்போது எங்கே?”

“பிரேசில் பக்கம், சேர். காத்துக்காகக் கப்பல்கள் அப்பிடித்தான் சுத்திப் போகும்.”

“பிரேசில் என்றால் எங்கள் எல்லைக்குள் வராது” என்று சொல்லி அதிகாரி நாட்குறிப்பில் ஒப்பமிட்டு வள்ளத்தை விட்டார். அதன்பிறகு வாரத்துக்கு ஒருமுறை அவரே படகை நெருக்கி வந்து, பீப்பாயின் நிலையைக் கேட்டு ஒப்பமிட்டுப் போவது வழக்கமாயிற்று.

ஐம்பத்தெட்டாம் நாள் பீப்பாய் ஆபிரிக்காவின் தென்முனையை அடைந்தது. அங்கே மூன்று நாள் புயல் என்று ஓவன் சிவப்புப் பேனையால் எழுதியிருந்தார். மாம்புரியிலோ மார்ச் மாதக் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய்போலக் கிடந்தது. பஸ்தியான் வள்ளத்தில் நின்று குதித்துப் பார்த்தார். பீப்பாய் அசையவில்லை, முழங்கால்தான் பிசகியது.

“புயல் இல்லாட்டி ருசி வராதெண்டு எழுதியிருக்கார்” என்று மர்ஸூக் கவலைப்பட்டார்.

கடைசியில் மர்ஸூக் தன் மச்சானின் த்ரீவீல் ஆட்டோவை இரவல் வாங்கினார். பஸ்தியான் பீப்பாயைப் பின்சீட்டில் ஏற்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மணல் பாதையிலிருந்து தோட்டங்களுக்குள் போகும் உடைந்த ரோட்டில், குழிக்குக் குழி தேடி, மூன்று நாள் காலையும் மாலையும் மர்ஸூக் ஓட்டினார். மிளகாய் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முப்பது வருடம் கடலில் கிடந்தும் தலை சுற்றாத பஸ்தியான், இரண்டாம் நாள் வேலியோரமாக இறங்கி வாந்தியெடுத்தார். “கடும் புயல். மாலுமி ஒருவருக்கு சுகமில்லை” என்று மர்ஸூக் அன்று எழுதினார்.

தொண்ணூற்றெட்டாம் நாள் ஊசி இலங்கைக்குக் கிட்ட வந்தது. பஸ்தியான் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார்.

“நானா, அப்ப இண்டைக்கு நாங்க எங்கட ஊட்டத் தாண்டியா போறம்?”

“ஓம். இறங்க ஏலாது. மதராஸுக்கு இன்னும் ஆறு நாள் இரிக்கி.”

அன்று கடலில் பஸ்தியான் தன் வீட்டுக் கூரை தெரியும் இடத்தில் வள்ளத்தை நிறுத்தி, கையைக் காட்டிவிட்டுத் திரும்பினார். அவர் மனைவி முற்றத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள். என்ன கோதாரியோ என்று அவளும் கையைக் காட்டினாள்.

மதராஸில் பீப்பாய் இறங்கிய மறுநாள் ஓவன் மாம்புரிக்கு வந்துசேர்ந்தார். கையோடு ஆறு போத்தல் கொண்டுவந்திருந்தார். அதே தடவை காய்ச்சி, அதே நாளில் எடுத்து, வீட்டு நிலவறையிலேயே வைத்த பியர். கடல் என்ன செய்தது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டுமாம். கடற்படை அதிகாரியும் லீவு போட்டு, சாரத்தோடு வந்திருந்தார்.

ஓவன் கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு கிளாஸிலும் மாறி மாறிக் குடித்தார். வாயில் உருட்டினார், மூக்கால் மூச்சுவிட்டார். பிறகு வலதுபக்கக் கிளாஸைத் தூக்கி, “இதுதான். கடல் இதற்குள் இருக்கிறது” என்று அறிவித்தார்.

அது நிலவறை பியர்.

இரண்டாவது தடவையும் தவறிப்போனது. அதிகாரியும் பிழையாகச் சொன்னார். பஸ்தியான், “ரெண்டும் பாவக்காய் அவிச்ச தண்ணி” என்றார். என்றாலும் இரண்டையும் அடிவரை குடித்துவிட்டு மூன்றாவது கேட்டார். ஓவன் கட்டை அவிழ்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். அவருடைய முகத்தைப் பார்க்க மர்ஸூக்குக்கு மனம் தாங்கவில்லை.

“தொர, இடதுபக்கத்தில இரிக்கிறதுதான் போய் வந்தது” என்றார், மூன்று முழம் தள்ளி நின்றபடியே.

“நீங்கள் குடிக்கவே இல்லையே?”

“மணக்குதே.”

கிளாஸ்களை அவருக்குத் தெரியாமல் இடம் மாற்றினார்கள். சரியாகச் சொன்னார். ஐந்து தடவை மாற்றினார்கள். ஐந்தும் சரி. ஓவன் எழுந்து வந்து அவருடைய இரண்டு தோளையும் பிடித்தார். என்ன வித்தியாசம், என்ன வித்தியாசம் என்று கேட்டார்.

மர்ஸூக் வெட்கத்தோடு யோசித்தார். “போகாததில தோடம்பழத் தோல்ட புளிப்பு வாசம் துடிச்சிக்கிட்டு நிக்கிது. போய் வந்ததில அது களைச்சிட்டு. ஈரக் கயிறு, பழைய பெட்டி, கொஞ்சம் தேன். தூரம் போய்ட்டு வந்த ஆள்ட உடுப்பு மாதிரி.”

ஓவன் அழுதார். அதிகாரி மீண்டும் மணந்து பார்த்து, “ஈரக் கயிறு, ஈரக் கயிறு” என்று ஆமோதித்தார். சுட்ட பாரைமீனோடு அன்று மாலைக்குள் பீப்பாயில் பாதி முடிந்தது. மர்ஸூக் நெக்டோ சோடா குடித்தார். அவருக்குள் ஒரு பெருமிதம் இருந்தது. யாரிடம் அதைச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. வீட்டில் சொல்ல முடியாது, பள்ளிவாசலில் நினைக்கவே முடியாது.

ஜூலையில் ஓவனின் ஊரிலிருந்து கடிதம் வந்தது. வருடாந்தக் கிராஃப்ட் ஏல் விழாவுக்கு நடுவராக மர்ஸூக்கை அழைத்திருந்தார்கள். குடிக்கத் தேவையில்லை, மூக்கு போதுமென்று அடிக்கோடிட்டிருந்தது. மர்ஸூக் விசாவுக்கு விண்ணப்பித்தார். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினார். மது அருந்தாத முஸ்லிம் ஒருவர் பியரை மணந்து பார்க்க வருகிறார் என்பது நம்பத்தகுந்ததாக இல்லையென்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள்.

ரபியா அல்ஹம்துலில்லாஹ் என்றாள். பஸ்தியானுக்குத்தான் கோபம். “பொய்யெண்டா சொல்றானுகள்? நாங்க நூத்திநாலு நாள் போனமே, நானா!”

மர்ஸூக் விடவில்லை. நாட்குறிப்பை முழுவதும் போட்டோக் கொப்பி எடுத்து, அதிகாரியின் ஒப்பங்களைக் காட்டி, மேன்முறையீடு எழுதினார். ஆறு வாரத்தில் பதில் வந்தது. பயணம் பற்றிய ஆவணங்களைக் கவனமாகப் பரிசீலித்ததாகவும், ஏப்ரல் மாதம் மதராஸில் இறங்கியதாகக் குறிப்பிட்டிருந்தும் அவருடைய கடவுச்சீட்டில் இந்திய முத்திரை எதுவும் காணப்படவில்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

மர்ஸூக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருப்பதாகவே அவருக்குப் பட்டது.