காயாத ஃபிலிம்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு எலும்பின் கதை சொல்கிறேன். கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்தாறாம் வருஷம், காரைக்காலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார் அம்பலவாணன். வெயில் காலத்தில், ஃபிலிம் கழுவும் இருட்டறையின் மருந்துத் தண்ணீர் சூடேறினால் படம் புகைமூட்டமாகிவிடும். அதனால் பக்கத்து மீனவ ஊரான கருக்களாச்சேரியின் மீன் ஏலத்துக்கு வரும் ஐஸில் தினமும் ஒரு கட்டி வாங்கித் தொட்டியைக் குளிர வைப்பார். ஒருநாள் படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. ஐஸும் வரவில்லை.

அன்றைக்கென்று, கிணற்றடியில் வழுக்கி விழுந்த பத்ருன்னிசாவைத் தூக்கிக்கொண்டு வந்தான் மகன் நூகு. துபாயிலிருந்து லீவில் வந்தவன். மறுநாள் விமானம்.

"என்னண்ணே, முக்குறீங்க, அலசுறீங்க! படம் எடுக்குறீங்களா, துணி வெளுக்குறீங்களா? அங்கெல்லாம் பட்டனை அமுக்குனா எலும்பு டிவியிலயே தெரியுது!"

வராந்தாவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்பலவாணனுக்குச் சுருக்கென்றது. டிவியில் பார்ப்பது பார்த்தவுடன் போய்விடும். மயிரிழை முறிவுக்கு ஃபிலிம்தான் சாட்சி, அதுவும் காய்ந்த ஃபிலிம். இதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தும் ரோஷத்தில், வெதுவெதுவென்று கிடந்த மருந்தில் முக்கி, சொட்டச் சொட்ட டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரே சாம்பல் மூட்டம்.

"முறிவு இல்ல. சுளுக்குத்தான். நடக்க விடுங்க."

இடுப்போரம் ஒரு கோடு தெரிந்ததுபோல் அம்பலவாணனுக்கு உறுத்தியது. ஃபிலிமில் நகம் பட்டிருக்கும் என்று வாயை மூடிக்கொண்டார். நூகு உம்மாவைக் கைப்பிடித்து நடத்தியே கூட்டிப்போனான்.

மூன்றாம் வாரம் அவளைக் கட்டிலோடு கொண்டுவந்தார்கள். இம்முறை ஐஸ் இருந்தது. ஃபிலிமும் நன்றாகக் காய்ந்தது. தொடையெலும்பின் கழுத்து ஒடிந்து விலகி, மேலேறி நின்றது. அவர்கள் உறையோடு கொண்டுவந்த பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து விளக்கில் பார்த்தார் அம்பலவாணன். அதே இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு. அன்றே ஒடிந்திருக்கிறது. அசையாமல் கிடத்தியிருந்தால் கூடியிருக்கும்.

கட்டிலருகே குந்தினார். "அம்மா, தப்பு என்னுது. அன்னிக்கே ஒடிஞ்சிருக்கு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

"இனி நடப்பேனா, தம்பி?"

இல்லையென்று தலையசைத்தார்.

அவள் சொன்னாள்: "நூகுக்குத் தெரியக்கூடாது. அவன்தான் கையைப் புடிச்சு நடத்துனான். புள்ள தாங்கமாட்டான். எனக்கு எழுதத் தெரியாது. அவன் வர்ற வரைக்கும் மாசா மாசம் நீங்களே வந்து எழுதுங்க, உம்மா நல்லா நடக்குறாங்கன்னு."

அடுத்த லீவில் நூகு வரும் வரைக்கும், இரண்டு வருஷம், அப்படியே எழுதினார்.

உங்கள் வீட்டில் விழுந்தவர் எழட்டும், கண்ணுகளா. எழுந்தவர் சொந்தக் காலில் வாசல் தாண்டட்டும்.