எண்பது மீட்டர்

தலைநகரத்திலிருந்து வந்த கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. எங்கள் மலைக்குக் குளிர்காலமான ஆகஸ்டில், பனியில் காணாமல் போன மேய்ப்பரைத் தேடி நாங்கள் பறக்கவிட்ட ட்ரோன், தரையிறங்கியபோது தரைக்கு நான்கு மீட்டர் கீழே இருந்ததாகப் பறப்புப் பதிவு சொல்கிறது. அது எப்படி?

நான் அதைச் சத்தமாகப் படித்தேன். லிமாகாட்சோ மண்ணெண்ணெய் கணப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்தாள்.

"தரைக்குக் கீழயாம், ம்மே. நம்ம ட்ரோன் முன்னோர்களைப் பாத்துட்டு வந்திருக்கு. வெறுங்கையோட அனுப்பிட்டாங்களா, பீர் கீர் குடுத்தாங்களான்னு கேளுங்க" என்றேன்.

"உங்களைப் பத்திதான் விசாரிச்சாங்களாம், ந்தாதே லெபேகோ. எப்ப வர்றாருன்னு."

மரியாதைக்கு நான் அவளை ம்மே, அம்மா, என்றும் அவள் என்னை ந்தாதே, ஐயா, என்றும் அழைத்தாலும் அவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். மலைமேல் இருக்கும் எங்கள் நிவாரண அலுவலகத்தில் மொத்தமே மூன்று பேர். ட்ரோனை ஓட்டுவது அவள் வேலை. வரைபடம் என் வேலை. மூன்றாமவர் எங்கள் அதிகாரி; பெரும்பாலும் கூட்டங்களில் இருப்பார்.

காணாமல் போனவர் பெயர் க்வாபனே. நாற்பது வயதுக்காரர். மேல் மேய்ச்சல் நிலத்தில் ஆடுகளோடு தங்கியிருந்தபோது மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. ஆடுகளில் பாதி தாமாகவே கீழே இறங்கி ஊர் வந்து சேர்ந்தன. அவர் வரவில்லை. நான்காம் நாள் வானம் தெளிய ஆரம்பித்ததும் நானும் லிமாகாட்சோவும் குதிரைகளில் கணவாய்க்குப் போனோம். ஒரு தட்டைப் பாறைமேல் ட்ரோனை வைத்து அவள் கிளப்பினாள். முதலில் வடக்குச் சமவெளி, அடுத்து செலோமோ பள்ளத்தாக்கு, அதே வழியில் திரும்பி வந்தது. இருபத்திரண்டு நிமிடம். திரையின் மூலையில் உயரம் எண்பது மீட்டர் என்றே கடைசிவரை நின்றது.

சமவெளியில் செத்த ஆடுகளின் கால்கள்கூடத் தெரிந்தன. செலோமோவில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

"யாரும் இல்ல. எண்பது மீட்டர்லேருந்து பாத்தா மனுஷன் தெரியாமலா போவான்?" என்று சொன்னது நான்தான். சிவப்புப் பென்சிலை எடுத்து வரைபடத்தில் செலோமோவை முழுதாகத் தீட்டியதும் நான்தான். சிவப்பு என்றால் பார்த்தாயிற்று என்று பொருள். அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு ஊர்க்காரர்கள் ஐந்து நாள் சமவெளிக்கும் அப்பால், வடக்கேயே தேடினார்கள். கிடைக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து அந்தக் கடிதம் வந்தது.

பதில் எழுதுவதற்காக லிமாகாட்சோ அந்தப் பறப்பின் பதிவைக் கணினியில் திறந்தாள். எண்கள் வரிசை வரிசையாக இறங்கின. எனக்குப் புரிய வேண்டும் என்று நினைத்தாளோ, தனக்கே சொல்லிக்கொண்டாளோ, தட்டச்சு செய்துகொண்டே பேசினாள்.

"இது காத்தழுத்தத்தை வச்சு உயரத்தைக் கணக்குப் போடுது, ந்தாதே. கிளம்புற எடத்துல பூஜ்யம்னு வச்சுக்கும். அன்னிக்கு வானம் தெளிஞ்சுகிட்டே வந்துச்சுல்ல, அழுத்தம் ஏறிச்சு. அழுத்தம் ஏறினா தான் கீழ இறங்கிட்டதா இது நெனச்சுக்கும். அதான் அதே பாறையில வந்து உக்காந்தும் மைனஸ் நாலு காட்டுது. பயப்பட ஒண்ணும் இல்ல."

"அப்ப பூஜ்யம்ங்கிறது தரை இல்லையா?"

"இல்ல. நான் அதை வச்ச பாறை."

சொன்னதும் அவள் விரல்கள் நின்றன. "உங்க வரைபடத்தை எடுங்க" என்றாள்.

எடுத்தேன்.

"அந்தப் பாறை எத்தனை மீட்டர்ல இருக்கு? கடல் மட்டத்துலேருந்து."

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து."

"செலோமோவோட அடி?"

உயரக் கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு இறங்கினேன். என் சிவப்புத் தீட்டலுக்கு அடியில் கோடுகள் நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. "ரெண்டாயிரத்து அறுநூறு."

அவள் காகிதத்தில் எழுதிக் கூட்டினாள். முன்னூற்றுப் பத்தும் எண்பதும். முன்னூற்றுத் தொண்ணூறு.

சமவெளி பாறையின் மட்டத்திலேயே இருந்ததால் அங்கே எண்பது எண்பதாகவே இருந்தது. பள்ளத்தாக்கின்மேல் போனபோது தரை அடியிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. ட்ரோன் இருந்த மட்டத்திலேயே பறந்திருக்கிறது. திரையிலிருந்த எண் அசையவில்லை. நாங்கள் அந்த எண்ணை நம்பிவிட்டோம்.

"பயிற்சியில சொல்லிக்குடுத்தாங்க. பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கினேன். அன்னிக்குக் குளிருல எண்பதுன்னு பாத்தேன். எண்பதுன்னே நெனச்சுட்டேன்" என்றாள்.

அடுத்து படங்களைத் திறந்தாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன்.

செலோமோவின்மேல் போகும்போது எடுத்த படம், பிற்பகல் இரண்டு மணி ஆறு நிமிடம். திரும்பும்போது எடுத்தது இரண்டு பதின்மூன்று. இரண்டையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முதல் படத்தில் ஒரு பாறை, அதன் ஓரத்தில் மண் நிறத்தில் ஒரு புள்ளி. பாறையின் நிழல் என்று யாரும் தாண்டிப் போய்விடுவார்கள். இரண்டாவது படத்தில் பாறையோரத்தில் புள்ளி இல்லை. அது வெளியே, வெறும் பனியின் நடுவில் இருந்தது. பாறையிலிருந்து அந்தப் புள்ளி வரைக்கும் பனியில் முடி போல ஒரு கோடு ஓடியது.

அது என்னவென்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. மலையில் வளர்ந்தவனுக்குப் பனியில் மனிதன் நடந்த தடம் தெரியாதா?

"ஏழு நிமிஷம். சத்தம் கேட்டு வெளிய வந்திருக்காரு" என்றாள்.

மறுநாள் அவள் அந்தப் படங்களோடு அதிகாரியிடம் போகக் கிளம்பினாள். வாசலில் மறித்தேன்.

"ம்மே, கொஞ்சம் யோசிங்க. அவரு போயி ஆறு வாரமாச்சு. மைனஸ் நாலுக்கு மட்டும் பதில் எழுதுங்க. அவங்க கேட்டது அதைத்தானே? மிச்சத்தைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது?"

"அவரு மனைவி இன்னும் துக்கத்துணி கட்டல, ந்தாதே. கட்டினா செத்துட்டாருன்னு ஆயிடுமாம். உடம்பைக் காட்டுங்க, கட்டறேன்னு சொல்றாங்களாம்."

"அதுக்கில்ல..."

"உங்க பேரை எழுத மாட்டேன். வழியை விடுங்க."

அது என்னைச் சுட்டது. வழியை விட்டேன். பிறகு நானும் அவள் பின்னால் போனேன்.

செப்டம்பர் கடைசியில் நான்கு ஊர்க்காரர்களோடு செலோமோவுக்குள் இறங்கினோம். கீழே ஊர்களில் பீச் மரங்கள் பூத்திருந்தன. பள்ளத்தாக்கில் நிழல் விழும் இடங்களில் மட்டும் பனி அழுக்காக ஒட்டியிருந்தது. படத்தில் இருந்த பாறையைக் கண்டுபிடித்தோம். அதன் கீழே சாம்பல், ஒரு தகர டப்பா. புள்ளி இருந்த இடத்துக்கு லிமாகாட்சோ நடந்தாள். அங்கே எதுவும் இல்லை.

அவர் இன்னும் மேலே இருந்தார். சரிவில் இருநூறு அடி தள்ளி, குப்புற, கம்பளிப் போர்வையோடு. ஒரு கணுக்காலில் குச்சி வைத்துத் துணியால் கட்டியிருந்தது. அதனால்தான் அத்தனை நாளும் ஏறி வர முடியாமல் கிடந்திருக்கிறார். அந்தக் காலோடு ஏறியிருக்கிறார்.

அவர் தலை இருந்த திசையில் நிமிர்ந்து பார்த்தேன். கணவாய் தெரிந்தது. தட்டைப் பாறை தெரிந்தது. ட்ரோன் எந்தப் பக்கம் போய் மறைந்ததோ அந்தப் பக்கமாகத்தான் அவர் வந்துகொண்டிருந்தார். எங்களை நோக்கி.

வந்தவர்களில் ஒருவர் தன் போர்வையைக் கழற்றி அவர்மேல் போட்டார்.

அவர் மனைவி மாமோசாவின் வீட்டுக்கு அடக்கத்துக்கு முன்தினம் போனோம். இஞ்சிப் பானம் கொடுத்து உட்காரச் சொன்னார். லிமாகாட்சோ உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். எண்பது என்றால் எது, முன்னூற்றுத் தொண்ணூறு என்றால் எது, நாங்கள் எங்கே தவறினோம் என்பதை ஒளிக்காமல் சொன்னாள். இரண்டு படங்களையும் மேசைமேல் வைத்தாள்.

மாமோசா படங்களின்மேல் குனிந்தார்.

"அவருக்கு அது கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும், ம்மே."

"கையாட்டினாரா?"

"படத்துல அது தெரியல. நடந்தது தெரியுது."

"அந்தக் காலோடயா?"

"ஆமா."

அவர் பனியில் தெரிந்த அந்தக் கோட்டின்மேல் நகத்தை வைத்து, பாறையிலிருந்து புள்ளி வரைக்கும் மெதுவாக இழுத்தார். தலை நிமிராமலே கேட்டார்: "அது திரும்பி வந்து இறங்கினதுக்கப்புறம் நீங்க அங்க எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

நான் சொன்னேன். "இருபது நிமிஷம் இருக்கும். டீ குடிச்சோம்."

"டீ" என்றார் மாமோசா.

வெளியே யாரோ குதிரையை அதட்டும் சத்தம் கேட்டது. அவர் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"இதைச் சொல்ல வேணாம்னு உங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலையா?"

லிமாகாட்சோ என் பக்கம் திரும்பவில்லை. "நான்தான் சொன்னேன்" என்றேன்.

அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "நல்லவேளை, அந்தப் பொண்ணு கேக்கல." பிறகு எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "அடக்கத்துக்கு வாங்க. அதுக்கப்புறம் என் வீட்டுப் பக்கம் வராதீங்க. ரெண்டு பேரும்."

அடக்கத்துக்குப் போனோம். கூட்டத்தின் கடைசியில் நின்றோம். மாமோசா கறுப்புத் துணி கட்டியிருந்தார்.

மைனஸ் நான்குக்கு லிமாகாட்சோ எழுதிய விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகத் தலைநகரத்திலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. மற்றதற்கு எங்கள் இருவருக்கும் கண்டனக் கடிதம் வந்தது. அவள் எழுதாமல் விட்ட என் பெயரை நானே போய்ச் சேர்த்திருந்தேன். இப்போது எங்கள் அலுவலகத்தில் பறப்பதற்கு முன்பே வழி நெடுகிலும் தரையின் உயரத்தை எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. எழுதுவது என் வேலை. மூன்று முறை சரிபார்க்கிறேன்.

லிமாகாட்சோ வேலையை விடவில்லை. விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். வெள்ளையாக எதைப் பார்த்தாலும் அதில் கண் புள்ளி தேடுகிறது என்று ஒருநாள் சொன்னாள். சுண்ணாம்புச் சுவரில், வெள்ளைச் சோளக் களி வைத்த தட்டில். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

போன மாதம் சாலை சரிந்த இடத்தைப் படமெடுக்கப் போனோம். வழியில் சோள வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ட்ரோன் சத்தம் கேட்டு நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே கையாட்டினார்கள். எங்கே போனாலும் இப்படி யாராவது கையாட்டுவார்கள். வேலை அவசரம், மின்கலம் பாதிதான் இருந்தது. லிமாகாட்சோ ட்ரோனை நிறுத்திக் கீழே இறக்கினாள். ஒரு பெண்ணின் முகம் திரையில் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த பெண்ணிடம் போனாள். அதற்கடுத்தவள். வயலில் ஏழு பேர் இருந்தார்கள்.

நானும் அவளோடு நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.