பின்னால் பிரேக் இல்லை

என் கணவன் ரெஜிஸ் கத்தியைக் கால்சட்டையில் துடைத்து மடக்கிப் பையில் போட்டான். துணியில் துடை என்று பல வருடம் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கால்வாய் மதகுக்குப் பக்கத்துப் புல்லில் உட்கார்ந்து ரொட்டியும் ஹாமும் தின்று முடித்திருந்தோம். கடுகு விழுது ஜாடியின் அடியை அவன் விரலால் வழித்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த ஊர் பேக்கரியில பிளம் டார்ட் சாப்பிடலாம்."

"அந்தக் கடை திங்கக்கிழமை லீவு."

"இன்னைக்குச் செவ்வாய்."

"திங்கள்."

"செவ்வாய்தான். வேணும்னா பந்தயம்."

"பந்தயம் கட்டித் தோத்துட்டு முகத்தைத் தூக்கி வச்சுக்குவ. கிளம்பு."

கிளம்பினோம். எங்களுடையது டேண்டம், இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிள். அவன் முன்னால், நான் பின்னால். திருப்புவது, பிரேக் பிடிப்பது, கியர் மாற்றுவது எல்லாம் முன்னால் இருப்பவர் வேலை. மிதிப்பதும் குறை சொல்வதும் பின்னால் இருப்பவர் வேலை. இரண்டு ஜோடி பெடல்களும் சங்கிலியால் பிணைந்தவை. ஒருவர் கால் சுற்றினால் மற்றவர் காலும் சுற்றியே ஆகவேண்டும். நெட்டிலிங்க மரங்கள் வரிசையாக நிற்கிற இடத்துக்கு வந்தபோது என் பெடல் கனத்தது. "சோம்பேறி, தின்ன உடனே தூக்கமா?" என்று கேட்டுவிட்டு நான் இன்னும் அழுத்தி மிதித்தேன். பின்னால் உட்காருகிற யாருமே அப்படித்தான் செய்வார்கள். வண்டி மெதுவாகக் கால்வாய்க்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து, காஞ்சொறிப் புதரில் எங்கள் இருவரையும் இறக்கிவைத்தது. எழுந்து சுற்றி முன்னால் போன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

அன்று திங்கட்கிழமைதான்.

பிறகு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "பிடிச்சதைச் செஞ்சுக்கிட்டிருக்கும்போதே போயிட்டான்." பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், பாதிரியார் சொன்னார், இறுதி ஊர்வல ஏற்பாடு செய்த இளைஞன்கூடச் சொன்னான். அவனுக்குப் பிடித்தது டார்ட். அது கிடைக்கவில்லை. இதை வெளியே சொல்ல முடியாததால் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினேன். ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்தது.

நாங்கள் காரை விற்றுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆண்டுதோறும் திராட்சை அறுவடை நேரத்தில் திஜோன் நகரில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளில் ஏறுவோம். திராட்சைச் சரிவுகளை ஒட்டித் தெற்கே போய், பழம் ஏற்றிய டிராக்டர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டுத் திட்டு வாங்கி, மேட்டுக் காடுகளைத் தாண்டி, ஊஷ் பள்ளத்தாக்கில் இறங்கிக் கால்வாய்க் கரை வழியாகவே வீட்டுக்கு வந்து அதே வாசலில் இறங்குவோம். இடையில் கார் கிடையாது, ரயில் கிடையாது. மழையில் நனைந்து நடுங்கிய வருடம்கூட வேன்காரர் ஒருவர் நிறுத்திக் கேட்டதற்கு ரெஜிஸ் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டான். அந்த வருடம் முழுக்க நான் அவனோடு சண்டை போட்டேன். ஆனாலும் வேனில் ஏறியிருக்கலாமே என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ரெஜிஸைக் காரில்தான் கொண்டுபோனார்கள். அதை என்னால் தடுக்க முடியவில்லை.

டேண்டம் அந்த மதகிலேயே நின்றுவிட்டது. மதகைத் திறந்து மூடிப் படகுகளை அனுப்புகிற நதேஜ் என்ற பெண் அதைத் தன் கொட்டகையில் வைத்திருந்தாள். அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், பாதியில் நின்ற அந்த வழியாகவே கொண்டுவர வேண்டும் என்பதைத் தவிர அந்த இலையுதிர் காலத்தில் எனக்கு வேறு யோசனை இருக்கவில்லை. பள்ளத்தாக்கில் ரயில் இல்லை. பஸ் கம்பெனிக்குப் போன் செய்தால் சாதாரண சைக்கிளையே ஏற்ற மாட்டோம் என்றார்கள். "மடக்க முடியுமா மதாம்?" என்று கேட்டாள் ஒருத்தி. கூட வந்து மிதிக்க யாராவது உண்டா என்று தெரிந்தவர்களிடம் எல்லாம் கேட்டேன். ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு முதுகு, ஒருத்திக்குப் பேரப்பிள்ளை. எல்லாரும் கடைசியில் சொன்னது ஒன்றுதான்: "எர்வேகிட்டதான் பெரிய கார் இருக்கே."

எர்வே ரெஜிஸின் அண்ணன். ஓட்டுநர் பள்ளி நடத்தி ஓய்வு பெற்றவர். இந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவர்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேஜையில் எங்கள் சைக்கிளைக் கிண்டல் செய்யாமல் அவருக்குப் பாலாடைக்கட்டி இறங்காது. "கற்காலத் தம்பதி வந்தாச்சா? வழியில மம்மூத் யானை ஏதாவது குறுக்க வந்துச்சா?" என்பார். ரெஜிஸ் சிரிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் நான் தனியாகவே பஸ்ஸில் போய் மதகில் இறங்கியபோது எர்வேயின் கார் ஏற்கெனவே அங்கே நின்றது. நதேஜ் தகவல் சொல்லியிருக்கிறாள். காரின் பின்னால் புதிதாக வாங்கிய சைக்கிள் தாங்கி. அதில் டேண்டத்தை ஏற்றி, இறக்கி, திருப்பி ஏற்றிக்கொண்டிருந்தார். இரு பக்கமும் முழ நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு சக்கரத்தையும் கழட்டிடலாம்," என்றார் என்னைப் பார்த்ததும். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "முன் ஹேண்டில்பாரையும் கழட்டிடலாம். வீட்டுல போய் மாட்டிக்கலாம்."

"கீழ இறக்குங்க எர்வே."

"அரை மணி நேர வேலை."

"இறக்குங்கன்னு சொன்னேன்."

அவர் கையிலிருந்த வாரை விடவில்லை. "அவன் செத்துட்டான் மர்லேன். இனிமே யாருக்காக இந்த விரதம்?"

"அவனைக் கார்லதான் கொண்டுபோனீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? இதையாவது என்னைக் கேட்டுச் செய்ங்க."

நதேஜ் மதகு வீட்டுச் சன்னலை மெதுவாகச் சாத்தினாள். பிறகு மனம் கேட்காமல் ஸ்பேனரோடு வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், முன் இருக்கையை என் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தாள்.

நான் அன்றுவரை முன்னால் உட்கார்ந்தது இல்லை. தனியாக ஏறினேன். ஆளில்லாத பின்பாதி தன் இஷ்டத்துக்கு ஆடியது. கொஞ்ச தூரத்தில் விழுந்தேன். எழுந்து ஏறி மறுபடி விழுந்தேன். இரண்டாவது முறை அப்படியே உட்கார்ந்து புல்லைப் பிடுங்கி எறிந்தேன்.

"பின்னால ஆள் இல்லாம இது கன்னுக்குட்டி மாதிரி இழுத்துக்கிட்டுப் போவும் மதாம்," என்றாள் நதேஜ். "நான் வரலாம், ஆனா மதகை விட்டுட்டு வர முடியாது. ஐயா ஏறலாமே."

"நானா?" என்றார் எர்வே.

"அடுத்த மதகு வரைக்கும். நடந்தே திரும்பி வந்துடலாம். தொப்பையும் குறையும்."

"பின்னாலயா?"

"முன்னால உட்கார உங்களுக்கு ஓட்டத் தெரியுமா இதை?"

வாழ்நாளில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. முகம் சிவந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, காரைப் பூட்டி, பூட்டியதா என்று திரும்பப் பார்த்து, வந்து பின்னால் ஏறினார்.

"பிரேக் எங்க?"

"பின்னால பிரேக் இல்லை."

"ஹேண்டில்பார் திரும்பல."

"பின்னால இருக்கிறது திரும்பாது. பிடிச்சுக்க மட்டும்தான்."

"அப்ப நான் இங்க என்னதான் பண்றது?"

"மிதிங்க."

ஓட்டுநர் பள்ளிக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் ஓட்ட, இவர் தன் காலடியில் ஒரு பிரேக்கோடு உட்கார்ந்தவர். இங்கே அந்தக் கால் சும்மா இருக்குமா? ஒவ்வொரு திருப்பத்திலும் அதை ஊன்றினார். அவர் ஊன்றும்போதெல்லாம் என் முழங்கால் நடுவழியில் நின்று வலித்தது. "இடது! இடது! கண்ணு தெரியுதா உனக்கு?" என்று கத்தினார். நானும் கத்தினேன். கால்வாயில் இருந்த வாத்துகள் எழுந்து போயின. தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்த காட்டையோ, சரிவில் அறுவடை முடிந்து துருவேறிய நிறத்தில் கிடந்த திராட்சைத் தோட்டத்தையோ நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.

தாழ்ந்த கல்பாலம் ஒன்று வந்தது. நான் குனிந்து தாண்டினேன். பின்னால் ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து ஒரு கெட்ட வார்த்தை. எர்வேயின் தொப்பி கால்வாயில் மிதந்தது.

"சொல்ல மாட்டியா? முன்னால இருக்கிறவதானே சொல்லணும்!"

அவர் சொன்னது சரி. பள்ளம், வேர், பாலம், கியர் என்று ரெஜிஸ் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டே வருவான். நான் இத்தனை காலம் அவன் முதுகைத்தான் பார்த்தேன். மற்றதெல்லாம் அவன் குரலில் வந்தது. அதை அவனுடைய வளவளப் பேச்சு என்று நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு நானும் சொல்ல ஆரம்பித்தேன். முதலில் எரிச்சலோடுதான் சொன்னேன். "வேர். இன்னொரு வேர். சேறு. எதிர்ல நாய்." பின்னால் கத்தல் குறைந்தது. மிதிப்பது ஓரளவு ஒன்றுசேர்ந்தது.

நெட்டிலிங்க மரங்கள் வந்தன. அதை நான் சொல்லவில்லை.

"இங்கதானா?" என்று கேட்டார் எர்வே.

"ஆமா."

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி கிளப்ப முடியாது என்று பயமாக இருந்தது. பாதி மரங்களைத் தாண்டியிருப்போம். என் காலுக்கடியில் பெடல் கனத்தது.

என் கைகள் தாமாகவே பிரேக்கை நெரித்தன. வண்டி சறுக்கிக் குறுக்காக நின்றது. "எர்வே!" என்று கூப்பிட்ட குரல் என்னுடையது மாதிரியே இல்லை. திரும்பிப் பார்க்க முடியவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது.

"இருக்கேன், இருக்கேன்," என்றார் பின்னால். "மூக்கைச் சிந்துறேன். அதுக்குமா உன்கிட்ட அனுமதி வாங்கணும்?"

"மூக்கைச் சிந்துறதா இருந்தா சொல்லிட்டுச் சிந்துங்க!"

"சரி."

"கால் நிக்கக் கூடாது. புரியுதா? நிறுத்துறதுக்கு முன்னால சொல்லணும்."

"சரின்னு சொன்னேன்ல."

கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம், வண்டியின் இரு பக்கமும் ஒவ்வொரு காலை ஊன்றிக்கொண்டு. அவர் இன்னொரு முறை மூக்கைச் சிந்தினார். சிந்துவதற்கு முன் "சிந்துறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேஜைக்கு ரெஜிஸ் இனி வரமாட்டான் என்பது அவருக்கும் தெரியும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த மதகுக்கு வந்தபோது உச்சிவேளை ஆகிவிட்டது. மதகுக்காரர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். கதவுகள் மூடியிருந்தன. மதகுத் தொட்டிக்குள் ஒரு வாடகைப் படகு, அதன் மேல்தளத்தில் இரண்டு ஹாலந்துக்காரர்கள் நாற்காலி போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்து ஒயின் கோப்பையை உயர்த்தினார்கள். எர்வே இறங்கி, தொடையைப் பிடித்துக்கொண்டு கல்மேடையில் உட்கார்ந்தார். அடுத்த மதகு வரை என்பதுதான் பேச்சு. நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திஜோன் இன்னும் வெகு தூரம். போய்விடுங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை, வாருங்கள் என்று கேட்கவும் வரவில்லை.

அவருடைய போன் அடித்தது. அவர் மனைவி கோலெத்.

"இல்ல, ஏத்தல... கார் அங்கேயேதான் நிக்குது... அவ கூடத்தான்... ஆமா, அதுல ஏறித்தான்." கொஞ்சம் நிறுத்தினார். "பின்னால." மறுமுனையில் கோலெத் சிரிப்பது எனக்கே கேட்டது. "சிரிக்காத கோலெத். சொல்றதைக் கேளு. வராத. வான்னு சொன்னேனா? எனக்குத் தெரியல எப்ப வருவேன்னு."

போனைப் பையில் போட்டுவிட்டு அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரம் முடிந்து மதகுக்காரர் மீசையைத் துடைத்தபடி வந்தார். சக்கரத்தைச் சுற்றினார். தண்ணீர் சத்தமில்லாமல் குறைய ஆரம்பித்தது. படகு, மேஜை, ஒயின் பாட்டில், ஹாலந்துக்காரர்களின் வெளுத்த தலைகள் எல்லாம் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே சுவருக்குள் அமிழ்ந்தன. கடைசியில் கொடிக் கம்பின் நுனி மட்டும் தெரிந்தது. கீழ்க் கதவு திறந்தது. "ஏறுறேன்" என்று சொல்லிவிட்டு எர்வே பின்னால் ஏறினார்.

அங்கிருந்து திஜோன் வரை எல்லா மதகும் இறக்கம்தான். எதுவும் ஏறுவதில்லை.