கழுத்தில் வந்த நோய்

தாஸாகுல் நீட்டிய தேநீர்க் கிண்ணம் தடதடவென்று ஆடி, விருந்துக்கு வந்திருந்த மாமியாரின் அண்ணன் மடியில் கொட்டியது.

"கையில என்னடி, பேயா புகுந்திருக்கு?" மாமியார் ஊல்கான் எல்லார் எதிரிலும் சீறினாள். "மூணு ஆள் சோறு ஒருத்தியே முழுங்குறா. உடம்பு மட்டும் ஒட்டடைக் குச்சி! முழியப் பாருங்க, என்னை அடிக்க வர்ற மாதிரி."

"அத்தை, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"வேலைன்னா மட்டும் உனக்கு நெஞ்சு அடிச்சுக்கும்!"

தாஸாகுலின் கணவன் எர்மெக் தலைகுனிந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். மருமகளின் கழுத்து முன்பக்கம் புடைத்திருப்பதை ஊல்கான் கவனிக்காமல் இல்லை. ஊர் சிரிக்கும், முக்காட்டால் மூடிக்கொள் என்று சொன்னவளே அவள்தான். இந்தச் சீக்காளியைப் பிறந்த வீட்டுக்கே துரத்திவிடுவது என்றும் முடிவுகட்டியிருந்தாள்.

அதற்குள் ஒரு நாள் காலையில், பால் வாளியோடு தொழுவத்தில் விழுந்தாள் தாஸாகுல். கால்கள் வீங்கி, மூச்சு இழுத்தது. ஓஷ் நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"நெஞ்சு நோய்க்காரிய எங்க தலையில கட்டிட்டாங்க, டாக்டர்!" ஊல்கான் அங்கேயும் அடங்கவில்லை.

"இதயம் நல்லாத்தாம்மா இருந்தது," என்றார் அந்தப் பெண் மருத்துவர் வெடுக்கென்று. "நோய் கழுத்துல. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்து, இதயத்தை ராப்பகலா விரட்டியிருக்கு. கை நடுக்கம், பசி, மெலிவு, அந்த முழி, எல்லாம் அதனாலதான். அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா மாத்திரையிலயே அடங்கியிருக்கும். இப்ப இதயமும் களைச்சுப்போச்சு."

"கழுத்துல வந்தா நெஞ்சு எப்படிக் கெடும்?"

"உடம்புல எது தனியா இருக்கு? கழுத்துல ஒண்ணு கெட்டா, இதயமும் சேர்ந்து சுமக்குது."

ஊல்கான் கட்டிலருகே போனாள். தாஸாகுல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"குணமானதும் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்."

தான் நினைத்ததுதான் நடக்கிறது. ஆனாலும் ஊல்கான் மருமகளின் வீங்கிய கால்மேல் போர்வையை இழுத்துவிட்டாள்.

"பாத்தியாம்மா, சாகக் கிடக்கிறப்பவும் வாய்க்கொழுப்பை!" என்றான் எர்மெக்.

"வாய மூடுடா!" என்று அவன் பக்கம் திரும்பினாள் ஊல்கான். "அவ கழுத்து வீங்குனப்ப தொறக்காத வாய், இப்ப எதுக்குத் தொறக்குது? முடியலைன்னு சொன்னவளை நடிக்கிறான்னு சொன்னோம். கழுத்தோட நின்னிருக்க வேண்டிய நோயை, நாமதான்டா அவ நெஞ்சுக்கு அனுப்பி வச்சோம்."