உட்காராமல் பார்த்த ரிப்பேர்

சகலையின் புல்வெட்டும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று மனைவி சொன்னபோது என் வயிறு குளிர்ந்துவிட்டது. முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொண்டேன்.

அவளுடைய அக்காவைக் கட்டியவர் அவர். அவளுக்கு அத்தான். எங்கள் வீட்டில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அத்தானில்தான் போய் முடியும். அத்தான் பெரிய வீடு கட்டினார், சுற்றிலும் புல் வளர்த்தார், அதை வெட்ட ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டியே வாங்கிவிட்டார். அதில் அவர் ராஜா மாதிரி வலம் வந்த வீடியோவை மனைவி நாலு முறை பார்த்தாள். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். என் ஜென்மத்தில் அந்த வண்டியில் உட்கார மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

ஆனால் இன்ஜின் என்று வந்துவிட்டால் நான்தான். சின்ன இன்ஜின்களுக்கு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அவரிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறதென்றால் அது இந்தக் கை மட்டும்தான். மனைவிக்கும் அதில் ஒரு பெருமை. "கம்பெனி ஆளு எதுக்கு அத்தான், இவரு வந்து பாத்துக்குவாரு" என்று என்னைக் கேட்காமலே போனில் சொல்லிவிட்டாள். இனி அந்தப் பெருமையைக் காப்பாற்றியாக வேண்டும்.

போய்ப் பார்த்தால் பேட்டரி முனையில் பச்சை பூத்திருந்தது. சுரண்டித் துடைத்து முடுக்கினேன். பத்து நிமிட வேலை. பக்கத்தில் நின்றபடியே ஒரு கையால் பிரேக் மிதியை அழுத்தி, மறு கையால் சாவியைத் திருப்பினேன். வண்டி மூச்சு விடவில்லை.

"மேல உக்காந்து பாருங்களேன் சகல, வசதியா இருக்கும்" என்றார் அவர்.

எனக்கு நின்றுதான் பழக்கம் என்றேன்.

ஃபியூஸைப் பார்த்தேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மாட்டினேன். பெட்ரோலை வடித்துப் புதிதாக ஊற்றினேன். கத்தியை ஓடவிடும் நெம்புகோல் போட்டிருந்தாலும் வண்டி கிளம்பாது; அதுவும் அணைத்துத்தான் இருந்தது. மூன்று மணி நேரம் ஓடிவிட்டது. அவர் பெரிய மனசு பண்ணி, பரவாயில்லை, கம்பெனிக்கே சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தார். அவர் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பரிவைப் பார்த்துத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அவ்வளவு நேரமும் எனக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த மனைவி, கால் வலிக்கிறது என்று வண்டி மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள். இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்று பிரேக்கை மிதித்துச் சாவியைத் திருப்பினாள்.

வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. சகலைக்கு வாயெல்லாம் பல். என் முதுகில் தட்டி, கைன்னா இதுதான் கை என்றார். அவள் சந்தோஷத்தில் கீழே குதித்தாள். உடனே அணைந்துவிட்டது. மறுபடி ஏறி உட்கார்ந்து திருப்பினாள். கிளம்பியது.

என் முகத்தில் அசடு வழிந்தது. அந்த வகை வண்டிகளில் இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கும். ஆள் உட்கார்ந்தால்தான் வேலை செய்யும். இது தெரியாதவனா நான்? என் கடைச் சுவரில் என் கையெழுத்திலேயே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: 'முதலில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பவும். பிறகு என்னைக் கூப்பிடவும்.' அந்தச் சீட்டை நேராக இருக்கிறதா என்று பார்த்து ஒட்டியதே அவள்தான்.

அவள் என்னைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்ட பார்வை.

சகலைக்கு எதுவும் புரியவில்லை. நீங்களே ஒரு ரவுண்டு போய் வாருங்கள் என்று உபசரித்தார். இடுப்பு பிடித்திருக்கிறது என்றேன்.

"அவருக்கு இடுப்புல வலி இல்ல அத்தான்" என்றாள் அவள். பிறகு இறங்கி என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "எனக்கு உங்க கை போதும்னுதானே அவர்கிட்ட சொன்னேன். போய் உக்காருங்க."

உட்கார்ந்தேன். பாழாய்ப் போன இருக்கை அவ்வளவு சுகமாக இருந்தது. பொறாமை துளிகூடக் குறையவில்லை. அவர் புல் முழுவதையும் நானே வெட்டி முடித்தேன். அவள் படியில் உட்கார்ந்து வீடியோ எடுத்தாள்.

அன்று இரவு அதை எத்தனை முறை பார்த்தாள் என்று எண்ணினேன். ஐந்து.