பிஸ்கட் டப்பாவும் ஆறு வாசலும்

பூட்டுக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் ஒளித்து வைக்கிறவர்கள் அவரிடம் மாட்டினால் தொலைந்தார்கள். "திருடனுக்குப் பத்திரிகை அடிச்சுக் குடுங்களேன், இன்னும் சுலபமா இருக்கும்!" என்று காது புளிக்கத் திட்டுவார். கடைப் பலகையில் கொட்டை எழுத்தில், 'எங்களால் திறக்க முடியாத பூட்டு இன்னும் பிறக்கவில்லை' என்று எழுதி வைத்திருந்தார். அந்த ஒரு வரியில்தான் அவர் பிழைப்பு ஓடியது.

அப்பேர்ப்பட்ட மனுஷன் வீட்டு வாசலிலேயே ஒருநாள் பார்சல் காணாமல் போனது. நர்ஸ் வேலை பார்க்கும் அவர் மனைவி ஆசை ஆசையாய் வரவழைத்த செருப்பு. மறுநாளே கேமரா வைக்கச் சொல்லிவிட்டாள். 'ஒயர்' என்று எல்லோரும் கூப்பிடும் கேமராக்காரன் ஏணியோடு வந்தான். அந்தக் கட்டடத்தில் மொத்தம் ஆறு வீடு, மற்ற ஐந்துக்கும் ஏற்கெனவே அவன்தான் மாட்டியிருந்தான்.

நர்ஸம்மா ஏணிக்குக் கீழே நின்று கேட்டாள். "தம்பி, இந்தப் படமெல்லாம் எங்க போய்ச் சேருது? யார் யார் பாக்க முடியும்? பாஸ்வேர்ட் யார் கைல இருக்கும்?"

"எல்லாம் நான் பாத்துக்கறேன் அண்ணி. பாஸ்வேர்டை நானே போட்டு நானே வெச்சுக்கறேன். மறந்துட்டா எனக்கு ஒரு போன் அடிங்க, போதும்."

"அத நாங்களே போட்டுக்கறோமே?"

"நீ சும்மா இரு," என்றார் பூட்டுக்காரர். "தம்பி எவ்வளவு வசதியாச் சொல்றார், அதுக்குப் போய்க் குறுக்கு விசாரணை பண்றியே!"

அவள் பார்த்த பார்வை இருக்கே, அதை அவர் அப்போதே கவனித்திருக்கலாம்.

பத்து நாள் நிம்மதியாகப் போனது. பதினோராம் நாள் மத்தியானம் சாப்பிட வந்தவர், வீட்டில் போடுகிற அரைக்கால் சட்டையோடு குப்பை கொட்ட வெளியே வந்தார். மஞ்சள் வாத்து போட்ட சட்டை. காற்று ஒரு தள்ளு தள்ளியது, கதவு டப்பென்று சாத்திக்கொண்டது. சாவி உள்ளே, போன் உள்ளே, கருவிப்பெட்டி இரண்டு தெரு தள்ளிக் கடையில். வாத்துகளோடு இரண்டு தெரு நடப்பதா? மானம் என்ன ஆவது?

'நமக்கா இது பெரிய காரியம்?' என்று துணிக்கொடிக் கம்பியில் ஒரு துண்டை உடைத்து உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அரைமணி. பூட்டு அசைந்து கொடுக்கவில்லை. அவரே தேடிப் பொறுக்கி எடுத்து மாட்டிய பூட்டு அது. "ராசா, தங்கம், திறந்துடுப்பா," என்று கொஞ்சினார். "உன்ன வாங்கினதே தப்புடா, சனியனே!" என்று கதவை ஓர் உதை விட்டார். கால் கட்டைவிரல்தான் வீங்கியது. கடைசியில் பக்கத்திலிருந்த சமையலறை ஜன்னலில் ஏறி, சட்டையின் பின்பக்கம் டர்ரென்று கிழிய, உள்ளே விழுந்தார்.

விழுந்த வேகத்தில் போனை எடுத்து அந்த முக்கால் மணி நேரப் படத்தை அழித்தார். அப்பாடா! யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை படிக்கட்டில் மாடிவீட்டு டீச்சர் இறங்கி வந்தார். "கட்டைவிரல் வீக்கம் வடிஞ்சிருச்சாண்ணே?"

பூட்டுக்காரருக்குப் பகீரென்றது. "உங்களுக்கு எப்படி..."

"ஏண்ணே அழிச்சீங்க? எங்க வீட்டுக்காரர் பாதிதான் பாத்தாரு." டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் அவர் போனை வாங்கி, கேமரா படத்தைக் கீழே தள்ளிக் காட்டினார். இவர் வாசல், அதற்குக் கீழே டீச்சர் வாசல், மூன்றாம் மாடி டிரைவர் வாசல், இன்னும் மூன்று. "ஒயர் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு வெச்சிருக்கான். ஆறு வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்ட்."

மேலேயிருந்து டிரைவர் குரல் கொடுத்தார். "வாத்து ஜோரு அண்ணே!"

போச்சு, எல்லாம் போச்சு! பலகையை இனி எந்த முகத்தோடு வெளியே மாட்டுவது? நேரே ஒயரின் கடைக்குப் போய்க் குதித்தார்.

"எவன்டா உனக்கு அதிகாரம் குடுத்தது? எங்க வீட்டுச் சாவிய நீ வெச்சிருக்கற மாதிரி இல்லையா இது? நம்பி வந்தவங்களுக்கு இதுதான் நீ பண்ற மரியாதையா?"

ஒயர் தலையைச் சொறிந்தான். "கோவப்படாதீங்கண்ணே. நாளைக்கே தனித்தனியா மாத்திடறேன். உங்களப் பாத்துத்தான் நானும் அப்படிப் பண்ணேன்."

"என்னப் பாத்தா?"

"உங்க கடையில அந்த பிஸ்கட் டப்பா. வீட்டு நம்பர் கட்டி, எல்லார் வீட்டுச் சாவியும் வெச்சிருக்கீங்களே. யாராவது தொலைச்சா உதவும்னு நீங்கதானே சொன்னீங்க? நல்ல யோசனைன்னு நெனச்சேன்."

ஒவ்வொரு பூட்டோடும் மூன்று சாவி வரும். இரண்டைக் கொடுத்துவிட்டு ஒன்றை டப்பாவில் போடுவது பூட்டுக்காரரின் வழக்கம். அந்த வீட்டுக்காரர்கள் யாரிடமும் சொன்னதில்லை.

"நான் ஒரு நாளும் யார் வீட்டையும் திறந்ததில்ல," என்றார், சுருதி இறங்கி.

"நானும் யார் வீட்டையும் பாத்ததில்லண்ணே. எனக்கு எங்க நேரம்?"

அவன் குத்திக்காட்டவில்லை, அப்பாவியாகத்தான் சொன்னான். அதுதான் அவருக்கு வலித்தது. ஊரார் சாவியெல்லாம் டப்பாவில் இருக்க, தன் வீட்டுச் சாவிக்கு மட்டும் அதில் இடமில்லாமல் போனதும் நினைவுக்கு வந்து எரிந்தது.

பூட்டைத் திறக்கத் தெரியாதவன் என்ற பெயரைக்கூடச் சிரித்து மழுப்பிவிடலாம். சாவித் திருடன் என்று பெயர் வந்தால்? அன்று சாயங்காலம் வரை யோசித்தார். பிறகு டப்பாவைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

சாவியைப் பார்த்ததும் டீச்சர் முகத்திலிருந்த சிரிப்பு நின்றது. "இது எங்க வீட்டுதா? இத்தனை வருஷமா உங்ககிட்டயா இருந்துச்சு?"

"ஆமா டீச்சர். தப்புதான்."

"டப்பா எங்க இருக்கும்? யார் யார் பாத்திருக்காங்க? கடைச் சாவி யார் கைல?"

அதே மூன்று கேள்வி! ஏணிக்குக் கீழே நின்று அவர் மனைவி கேட்டது. அன்று குறுக்கு விசாரணை என்றவர், இன்று டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

டீச்சர் சாவியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "புதுசா ஒரு பூட்டு மாட்டுங்க. உங்களாலயே திறக்க முடியலையே, அதே பூட்டு. மூணு சாவியும் என் கைல எண்ணிக் குடுங்க."

ஓட்டமாய் ஓடிப் போய்ப் பூட்டோடு வந்து மாட்டினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு," என்று எண்ணி அவர் கையில் வைத்தார். தலைக்கு மேலே டீச்சர் வீட்டுக் கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மாடியில் ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணே," என்றார் டிரைவர், கையில் போனோடு எட்டிப் பார்த்து, இந்தத் தடவை சிரிக்காமல். "எங்க வீட்டுக்கு ரெண்டு சாவிதானே குடுத்தீங்க?"